ஏப்ரலில் வரும் உறையைப் பிரித்துப் படி

“அக்கா, இது பில்லாக்கா? இவ்வளவா கட்டணும்?” என்று கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பில் இல்லை கண்ணு. வீட்டு வரி பில் அக்டோபர் வாக்கில்தான் வரும், ஜனவரி 31-க்குள் கட்டினால் போதும். இப்போது வந்திருப்பது, வரிக்காக வீடுகளை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் உன் வீட்டுக்குப் போட்டிருக்கும் விலை. ஜனவரி 1-ஆம் தேதி அந்த வீடு சந்தையில் என்ன பெறும் என்று அவர்கள் போட்ட கணக்கு. இந்த விலையை வைத்துத்தான் பில் போடுவார்கள். விலை சரியில்லை என்று சொல்ல வேண்டிய நேரம் இதுதான். அக்டோபரில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினால் யார் காதிலும் ஏறாது.

அப்பா ஞாபகம் வந்துவிட்டது. திருநெல்வேலியில் வீட்டுத் தீர்வை கட்டப் போகும்போது பழைய ரசீதுகளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கேட்ட தொகையைக் கட்டி, ரசீதை வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் அடுக்குவார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒருநாளும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நாமும் அப்படியே வளர்ந்துவிட்டோம். டெக்ஸஸில் கேட்பதற்கென்றே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். எப்படிக் கேட்பது, எந்தத் தேதிக்குள் கேட்பது என்று அவர்களே அச்சடித்து அனுப்புகிறார்கள்.

நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 2019 கோடையில் வீடு வாங்கினோம். 2020 ஏப்ரலில் இதே மாதிரி ஓர் உறை வந்தது. கோவிட் வந்த நேரம், எந்தக் கடுதாசியைப் பிரிக்க மனம் வந்தது? அப்படியே இழுப்பறைக்குள் போய்விட்டது. 2022-இல் வரி ஏறிப்போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டுப் பதிவில் 210 சதுர அடி கூடுதலாக இருக்கிறது. ஹாலுக்கு மேலே கூரை வரை திறந்து கிடக்கிறதே, நீகூட நிமிர்ந்து பார்த்து “எவ்வளவு உசரம்!” என்றாயே, அந்த வெற்று வெளியை மாடித் தளம் என்று சேர்த்துவிட்டார்கள். சதுர அடிக்கு 150 டாலர் என்றால், இல்லாத தரைக்கு 31,500 டாலர் விலை. முறையிட்டேன், திருத்தினார்கள். ஆனால் அந்த வருஷ வரியில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பது புரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அந்த உறைக்குள் வரும் நோட்டீஸில் மூன்று தொகை இருக்கும். மார்க்கெட் வேல்யூ என்பது சந்தை விலை. அப்ரைஸ்ட் வேல்யூ என்பது சட்டம் போடும் உச்சவரம்புக்கு உட்பட்ட விலை. டாக்ஸபிள் வேல்யூ என்பது சலுகையெல்லாம் கழித்தபின் வரி போடும் தொகை. ஹோம்ஸ்டெட், அதாவது சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான சலுகை, உள்ள வீட்டுக்கு, சந்தை எவ்வளவு எகிறினாலும், அப்ரைஸ்ட் வேல்யூவை முந்தின வருஷத்திலிருந்து 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. நீயாக நீச்சல் குளம், புது அறை என்று கட்டினால் அதன் மதிப்பு தனியாகச் சேரும். 2021, 2022-இல் டாலஸ் பக்கம் வீட்டு விலை பறந்தது உனக்கே தெரியும். எங்கள் வீட்டுச் சந்தை விலை உச்சவரம்பை எங்கோ தாண்டிப் போயிருந்தது. 210 சதுர அடியைக் கழித்துச் சந்தை விலையை இறக்கியும் அது உச்சவரம்புக்கு மேலேயே நின்றது. வரி போடுவதோ உச்சவரம்பு விலைக்கு. அந்த விலை எங்கிருந்து வளர்ந்து வந்தது? நான் பிரிக்காமல் போட்ட 2020 உறையிலிருந்து. இல்லாத அந்த 31,500 டாலரும் வருஷத்துக்குப் பத்துப் பத்து சதவிகிதமாக வளர்ந்து 2022-இல் 38,000 டாலரைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் வரி விகிதம் அப்போது 2.2 சதவிகிதம். வருஷத்துக்கு 800 டாலருக்கு மேல், நடக்கவே முடியாத தரைக்குக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நீ இப்போது இருப்பது அந்த 2020-இல்தான். போன அக்டோபரில் வாங்கினாய், ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் குடியிருந்தாய். உன் ஹோம்ஸ்டெட் இந்த வருஷம் தொடங்குகிறது, 10 சதவிகிதக் கட்டு அடுத்த ஜனவரி 1-இலிருந்து. இந்த வருஷ விலைதான் அடித்தளம். நோட்டீஸில் இருக்கும் 5,50,000 டாலரை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த வருஷம் 6,05,000 வரை ஏற்றலாம். 5,20,000 என்று இறக்கினால் 5,72,000-க்கு மேல் போக முடியாது. மற்ற வருஷம் சோம்பல் பட்டாலும் பட்டுக்கொள், இந்த வருஷம் மட்டும் விடாதே.

ஹோம்ஸ்டெட் போட்டாயா இல்லையா, அதை முதலில் சொல். நோட்டீஸில் சலுகைக் கட்டத்தில் அது தெரியவில்லை என்றால் இன்றைக்கே போடு. படிவம் 50-114, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே போடலாம், ஏப்ரல் 30-க்குள். காசு கிடையாது. “ஹோம்ஸ்டெட் பதிவுக் கட்டணம்” என்று அரசாங்கக் கடுதாசி மாதிரியே ஒன்று தபாலில் வரும், கிழித்துப் போடு. டிரைவிங் லைசென்ஸில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். மாப்பிள்ளை இன்னும் பழைய அப்பார்ட்மென்ட் முகவரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதை முதலில் மாற்றச் சொல். வீடு மாறி 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். ஹெச்-1பி-யில் இருந்தால் ஹோம்ஸ்டெட் கிடையாது என்று கோயிலில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். அந்தப் படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வியே இல்லை. சொந்த வீடாக இருக்க வேண்டும், அதில் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளி வரிக்கு மட்டும் 1,40,000 டாலர் கழிப்பார்கள். 2023-இல் 40,000-லிருந்து ஒரு லட்சமாக்கினார்கள், 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து 1,40,000 ஆனது. பள்ளி விகிதம் நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்தாலே 1,400 டாலர் மிச்சம். ஒருமுறை போட்டால் வருஷா வருஷம் போட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் சரிபார்ப்பார்கள். அதற்குக் கடுதாசி வந்தால் பதில் போட்டுவிடு, இல்லையென்றால் சலுகையே போய்விடும்.

இன்னொன்று, எஸ்க்ரோ, அதாவது வரிக்காகக் கடன் கொடுத்தவர்கள் மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் பணம். போன வருஷம் ஜனவரி 1-இல் உன் வீடு எழும்பவே இல்லை, வெறும் மனை. அதனால் போன வருஷ வரி மனைக்கு மட்டும், 1,20,000 டாலருக்கு 2 சதவிகிதம் என்றால் 2,400 டாலர். கடன் கொடுத்தவர்கள் அதை வைத்து மாதம் 200 டாலர் பிடித்துக்கொண்டிருந்தால் நன்றாகப் பார்த்துக்கொள். இந்த வருஷ பில் 9,000 டாலரைத் தாண்டும். அடுத்த வருஷம் எஸ்க்ரோவில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தையும் நிரப்பு, புதுத் தொகையையும் கட்டு என்று மாதத் தவணை ஒரேயடியாக ஏறும். புது வீடு வாங்கிய நம் பிள்ளைகள் எத்தனை பேர் இதில் திணறிப் போயிருக்கிறார்கள் தெரியுமா? இப்போதே போன் செய்து முழு வீட்டு மதிப்புக்குப் பிடிக்கச் சொல். மாட்டோம் என்றால் நீயே மாதம் 600 டாலர் தனியாக எடுத்து வை.

சரி, முறையீட்டுக்கு வருகிறேன். இங்கே எல்லாரும் புரொட்டெஸ்ட் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு நடுக்கம். “விசாவுல இருக்கோம், கவர்மென்ட்டோட நமக்கு எதுக்கு வம்பு” என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார், உன் அத்தானும் அதையேதான் சொன்னார். இது வம்பு இல்லை. டெக்ஸஸில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுத் தாத்தா வருஷம் தவறாமல் செய்கிறார். கேட்கப் போய் விலையை ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படாதே. நோட்டீஸில் போட்ட விலையைவிடக் கூடுதலாகத் தீர்மானிக்க விசாரணைக் குழுவுக்கு அதிகாரம் இல்லை, நீயாகக் கேட்டாலொழிய. விற்கும்போது விலை குறையும் என்பதும் சும்மா. வாங்க வருகிறவன் பக்கத்தில் என்ன விலைக்கு விற்றது என்றுதான் பார்ப்பான், வரிக்குப் போட்ட விலையை அல்ல.

கடைசித் தேதி மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. நோட்டீஸிலேயே உன் தேதி இருக்கும். அதை விட்டுவிட்டால், விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று நிரூபிப்பது போன்ற குறுகலான சந்து மட்டும்தான் மிஞ்சும். நோட்டீஸில் இருக்கும் எண்ணை வைத்து ஆன்லைனிலேயே போட்டுவிடலாம். ஆதாரம் அப்போதே வேண்டாம். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும், இதை மறந்துவிடாதே: சந்தை விலை தவறு என்பது ஒன்று, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வாதம். டிக் செய்யாததைப் பிறகு பேச விடமாட்டார்கள். அப்படியே, விசாரணையில் அவர்கள் காட்டப் போகும் ஆதாரத்தையும் கேட்டுவிடு. விசாரணைக்கு 14 நாள் முன்னால் இலவசமாகத் தர வேண்டும்.

பிறகு உன் வீட்டுப் பதிவைத் திற. முகவரியைப் போட்டால் வந்துவிடும். ஸ்கெட்ச் என்று ஒரு கோட்டுப் படம் இருக்கும். பில்டர் கொடுத்த பிளானைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுவராகப் பார். கராஜைக் குடியிருக்கும் பரப்பில் சேர்த்திருக்கிறார்களா, பின்பக்கத் திண்ணையை அறை என்று போட்டிருக்கிறார்களா, மாடியில் திறந்த வெளி கழிந்திருக்கிறதா. கட்டிய வருஷம், குளியலறை எண்ணிக்கை, இல்லாத நீச்சல் குளம். இப்படித் தவறிருந்தால் அதுதான் பலமான ஆதாரம், யாரும் அதோடு வாதாட முடியாது.

நேற்று ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீடு 2,600 சதுர அடி. 5,50,000-இல் மனைக்கு 1,20,000, கட்டடத்துக்கு 4,30,000. அப்படியென்றால் சதுர அடிக்கு 165 டாலர் சொச்சம். அதே பில்டர், அதே வருஷம், ஏறக்குறைய அதே அளவு என்று ஏழு வீட்டை எடுத்தேன். மனையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன்: 149, 151, 152, 154, 157, 160, 168. நடுவில் நிற்பது 154. சமமின்மை வாதத்தில் சட்டம் பார்ப்பது இந்த நடு எண்ணைத்தான், சராசரியை இல்லை. 154-ஐ 2,600-ஆல் பெருக்கி மனையைச் சேர்த்தால் 5,20,400 வருகிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று 1,900 சதுர அடி வீட்டையோ 3,800 சதுர அடி வீட்டையோ சேர்த்துவிடாதே. சின்ன வீட்டுக்குச் சதுர அடி விலை எப்போதும் கூடுதலாகத்தான் வரும், கணக்கு குழம்பும். குளம் இருக்கும் வீடு, ஏரியைப் பார்த்த மனை, இதெல்லாமும் வேண்டாம். 149 வந்த வீட்டை மட்டும் தனியாகக் காட்டவும் ஆசைப்படாதே. ஏழையும் காட்டு, அப்போதுதான் நீ பொறுக்கி எடுக்கவில்லை என்று நம்புவார்கள்.

சந்தை விலை வாதத்துக்கு உன் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. நீ 5,35,000-க்கு வாங்கினாய், அதில் பில்டர் க்ளோசிங் செலவுக்கு 10,000 கொடுத்தார். க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் இரண்டும் இருக்கும், அந்தப் பக்கங்களை எடுத்து வை. டெக்ஸஸில் விற்ற விலையை அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் நோட்டீஸ் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர்கள் அதை நீட்ட வேண்டியதில்லை, சமமின்மை வாதத்தோடு போகலாம். ஆனால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேசுகிறோம். ஜனவரியில் அதே பிளான் வீட்டை உன் பில்டர் விலை குறைத்து விற்றதாகச் சொன்னாயே, அந்தப் பக்கம் இன்னும் இருந்தால் தேதியோடு படம் எடுத்து வை. வீடு வாங்கித் தந்த ரியல்ட்டரிடம் போன ஆறு மாதத்தில் விற்ற வீடுகளின் பட்டியல் கேள், முகம் சுளிக்காமல் தருவார்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு வேறொரு வழி உண்டு. இந்த வடக்கு டெக்ஸஸ் மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியேதான், வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். என் வீட்டில் சாப்பாட்டு அறைக் கதவு நிலைக்கு மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் கிளம்பியது. முதலில் மயிரிழை. இரண்டு கோடை கழிந்ததும் ஒரு குவார்ட்டர் நாணயம் உள்ளே போகும் அளவு. கதவும் சாத்தவில்லை. நாணயத்தைச் செருகியே படம் எடுத்தேன், அஸ்திவாரம் பார்க்கிறவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கினேன். வாய்வார்த்தையாக “விரிசல் இருக்கு” என்றால் குறித்துக்கொள்ளக்கூட மாட்டார்கள், டாலர் தொகை போட்ட தாள் இருந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். ஜனவரி 1-இல் அந்தக் குறை இருந்தது என்று தெரிய வேண்டும். பிப்ரவரிக் கல்மழையில் உடைந்த கூரை இந்த வருஷத்துக்கு உதவாது.

புரொட்டெஸ்ட் போட்ட சில வாரத்தில், பல கவுண்டிகளில் ஆன்லைனிலேயே ஒரு தொகை சொல்வார்கள், “5,42,000, சம்மதமா?” என்று. அவசரப்படாதே. சம்மதம் என்று அழுத்திவிட்டால் இந்த வருஷத்துக்கு அதோடு முடிந்தது. ஒரு வருஷம் அலுவலக மீட்டிங் நடுவில் நான் அழுத்திவிட்டேன். அதே பிளானில் பக்கத்து வீட்டுக்கு இன்னும் 14,000 குறைவாக இருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். முதலில் உன் கணக்கு, பிறகு அவர்கள் தொகை. இறங்கி வரச் சொல்லி, ஆதாரத்தை அனுப்பி, அப்ரைசரிடம் பேசு. என் தோழிகளில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கட்டத்திலேயே முடித்துக்கொண்டார்கள்.

முடியவில்லை என்றால் ஏ.ஆர்.பி. என்ற குழு விசாரிக்கும். அவர்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஊழியர்கள் இல்லை, உன்னை என்னைப் போல ஊர்க்காரர்கள். நேரில் போகலாம், போனிலோ வீடியோவிலோ பேசலாம். கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதனால் முதல் வாக்கியத்திலேயே, என் வீட்டின் மதிப்பு 5,20,000 என்று தொகையைச் சொல்லிவிடு. பிறகு ஐந்தே பக்கம். வரி ஏறிவிட்டது, டே-கேர் செலவு, லேஆஃப் பயம், இதெல்லாம் உண்மைதான், எனக்கே மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் அங்கே சொல்லாதே. அவர்கள் கையில் இருப்பது விலை மட்டும். விகிதத்தைத் தீர்மானிப்பது பள்ளி போர்டும் நகர சபையும் கவுண்டியும். அதைக் கேட்க வேண்டிய கூட்டம் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும், அதற்கும் போவோம். அவர்கள் கொண்டுவரும் ஒப்பீட்டு வீடுகளை மட்டும் முன்கூட்டியே பார்த்து வை. குளம் உள்ள வீடு, மூலை மனை, வேறு பில்டர் என்று ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் போட்ட விலை சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு போகாதே.

அங்கேயும் சரிவரவில்லை என்றால் 60 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு, கேட்கலாம். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு, விலை 5,00,000 வரை 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர் டெபாசிட். உனக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். இதையெல்லாம் செய்து தருகிறோம், மிச்சமாவதில் ஒரு பங்கு கொடு என்று கம்பெனிகள் வரும். நேரமே இல்லாதவர்களுக்கு அது தப்பில்லை. நீ முதல் வருஷம் உன் கையாலேயே செய். உன் வீட்டுப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இன்று ராத்திரி இரண்டு வேலை மட்டும் பார்: ஹோம்ஸ்டெட் இருக்கிறதா என்று பார், புரொட்டெஸ்ட்டைப் போட்டு இரண்டு கட்டத்தையும் டிக் செய். சனிக்கிழமை காலையில் நான் லேப்டாப்போடு வருகிறேன். பில்டர் பிளானையும் மாப்பிள்ளையின் நீள அளவு டேப்பையும் எடுத்து வை. உன் மாடி வராந்தாவுக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச்சில் 12 அடிக்கு 10 அடி என்று ஒரு கட்டம் தெரிகிறது. அங்கே எனக்கு ஞாபகமிருக்கிற வரை தரையே கிடையாது.